தனி டம்ளர்

என் தங்கை சுப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்பவர்கள் மேல் அல்ல, பதில் சொல்லத் தெரியாத என் மேல்தான். "பப்ளிக் ஹெல்த்" என்பேன். "ஓ, டாக்டரா?" என்பார்கள். இல்லை. "அப்போ நர்ஸா?" அதுவும் இல்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்கிறதா, கிடைக்கவில்லை என்றால் எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்க்கிற வேலை என்று ஒரு தடவை பொறுமையாக விளக்கினேன். கேட்ட மாமா பாயசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு, "இதுக்கு ஒரு படிப்பு வேற வேணுமாக்கும்? கிடைக்கலைன்னு நானே சொல்லுவேனே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சோர்ந்துபோய் வீட்டுக்கு வரும் நாட்களில் சுப்ரியாவும் அதையேதான் சொல்கிறாள்.

அவள் இந்த வேலைக்கு வரவேண்டியவளே அல்ல. எங்கள் குடும்பம் பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார். அப்பா சுந்தரராமன் கர்நாடக அரசின் நீர்ப்பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றார். ஜயநகரில் சொந்த வீடு. உள்ளே தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவேரிக் கலவரம் வந்தபோதுகூட எங்கள் வீட்டுக் கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. ஒரு கும்பல் எங்கள் தெருவுக்கு வந்தது. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்களைவிட நல்ல கன்னடத்தில் விசாரித்தார். "நமஸ்கார சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு ஊரின் வேறு மூலைகளில் இதே தமிழைப் பேசியவர்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்கள். சுப்ரியாவுக்கு அப்போது பதினான்கு வயது. "அவாளையெல்லாம் அடிச்சாளே, நம்மளை மட்டும் ஏன்ப்பா விட்டுட்டா?" என்று கேட்டாள். "நாம டீசன்ட்டா இருக்கோம், அதான்" என்றார் அப்பா. அவளுக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. ஒரு வாரம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

ஆனால் அதை வைத்து அவள் அன்றே சமூக சேவைக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். அவளும் எங்களைப் போலத்தான், நன்றாகப் படித்து அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று இருந்தாள். தொண்ணூற்றெட்டில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி சேர்ந்தாள். அடுத்த வருஷம் ப்ராஜெக்டுக்காகப் பொம்மனஹள்ளியில் ஒரு சுகாதார நிலையத்தின் லேபில் உட்கார்ந்து காசநோய்க்காரர்களின் சளியைப் பரிசோதித்தாள். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தலைகுப்புற விழப்போகின்றன என்று வெள்ளைக்காரர்கள் நடுங்கிக்கொண்டிருந்த காலம், எங்களுக்கு அதனால் நல்ல பிழைப்பு. ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போகிற வழிதானே என்று அவளைக் கொண்டுபோய் விடுவது என் தலையில் விழுந்தது.

"அண்ணா, இன்னிக்கு ஒரு ஸ்லைடு பார்த்தேன், அவ்ளோ அழகு" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "நீலத்துக்கு நடுவுல குட்டிக் குட்டியா சிவப்புக் குச்சி, அதான் கிருமி. எங்க திருப்பினாலும் இருக்கு."

அம்மா ரசக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "சாப்பிடற எடத்துல சளியைப் பத்திப் பேசாதேன்னு உனக்கு எத்தனை தரம் சொல்றது?"

அந்த ஸ்லைடுக்குச் சொந்தக்காரி மறுநாளே லேபுக்கு வந்துவிட்டாள். பெயர் ஷில்பா. பத்தொன்பது வயது. பொம்மனஹள்ளியிலேயே ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். அரை நாள் பர்மிஷன் கேட்டு வேலையிலிருந்து நேராக வந்ததில் அளவு டேப் கழுத்திலேயே கிடந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பரீட்சை ரிசல்ட் கேட்பது மாதிரி, "அக்கா, என்னுது நல்லா வந்துச்சா?" என்று கேட்டாளாம். அழகு அழகு என்று முந்தின நாள் கொண்டாடிய வாய், சுப்ரியாவுக்கு அப்போது திறக்கவில்லை. இதை அவள் எனக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சொன்னாள்.

காசநோய்க்கு அப்போதுதான் புது முறை வந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு கைப்பிடி மாத்திரை, ஆறு மாதம். மருந்துக்குக் காசில்லை. நோயாளியின் பெயர் எழுதி ஒரு பெட்டியையே ஒதுக்கி வைத்துவிடுவார்கள், வேறு யாருக்கும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. எல்லாம் நல்லதுதான். ஒரே ஒரு கண்டிப்பு. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். ஊழியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

சுகாதார நிலையம் திறப்பது ஒன்பது மணிக்கு. கார்மென்ட்ஸ் கேட்டை மூடுவது எட்டரைக்கு. தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். சாயங்காலம் வேலை விடுவதற்குள் நிலையம் மூடியிருக்கும். ஏன் தாமதம் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் வேலை போய்விடும். ஷில்பாவுக்கு அப்பா இல்லை. அம்மா முத்தம்மாவுக்குத் தொம்மலூரில் ஓர் ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஈஜிபுராவில் இருந்து மாப்பிள்ளை ஒருவன் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டும் போயிருந்தான். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் வம்பு.

ஷில்பா லீவு போட்டு இரண்டு தடவை வந்தாள். அப்புறம் வரவில்லை. மாத்திரை கொடுக்கும் கோவிந்தப்பா அவள் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இன்னும் சொல்ப நாள் பார்ப்பேன் மேடம். வரலைன்னா டிஃபால்ட்டர்னு எழுதிட வேண்டியதுதான்."

"கையில குடுத்து அனுப்பிடுங்களேன் சார்" என்றாள் சுப்ரியா.

"ரூல்ஸ் இல்லம்மா. வீட்டுக்குப் போனா யார் திங்கறாங்க? இருமல் கம்மி ஆனதும் தூக்கிப் போட்டுடுவாங்க. ஏன் மாடோது, என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

மனிதர் கெட்டவர் அல்ல. நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் கட்டி மேய்க்கிறவருக்கு அதற்கு மேல் முடியாது. ஆனால் டிஃபால்ட்டர் என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பாங்கில் கடன் வாங்கி ஏப்பம் விட்டவனுக்கு வைத்த பெயரை, எட்டரை மணிக்குக் கேட்டை மூடிவிடுகிறார்களே என்று ஓடுகிற பெண்ணுக்கு வைக்க யாருக்கு மனசு வந்தது?

பொறுப்பான வெளியாள் யாராவது மாத்திரை கொடுப்பதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஓர் இடம் இருந்தது. சுப்ரியா அதைப் பிடித்துக்கொண்டாள். "நான் குடுக்கறேன் சார். காலைல ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்புல அவளைப் பார்த்து, என் கண் முன்னாடியே போட வைக்கறேன்" என்றாள். ஒரு சுமை குறைந்தது என்று கோவிந்தப்பாவும் சம்மதித்தார்.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அம்மா பாகீரதிக்கு மகள் லேபில் உட்காருவதே பிடிக்காது. இப்போது நோயாளியின் முன்னால் போய் நிற்கப்போகிறாள் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா நின்னுண்டு மாத்திரை குடுக்கப் போறியா? உன் தண்ணி பாட்டில்லதானே அவளும் குடிப்பா? அமெரிக்கா போற நேரத்துல இதெல்லாம் தேவையா?"

"தண்ணில பரவாதும்மா. காத்துலதான். அதுவும் வெட்டவெளி, பஸ் ஸ்டாப். ஒண்ணும் ஆகாது."

"உன் சயன்ஸ் எனக்கு வேண்டாம். அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளர் எடுத்துண்டு போ. அதை இந்த ஆத்துக்குள்ள கொண்டுவரப்படாது. தோட்டத்துக் குழாய்லயே அலம்பி, மேடை மேல வச்சுடணும். சரின்னா போ. இல்லேன்னா நான் சாப்பிடப் போறதில்லை."

எங்கள் வீட்டு ஆசாரத்தில் இது ஒன்றும் புதிதல்ல. வேலைக்கு வருகிறவர்களுக்கு, தோட்டக்காரருக்கு, ஏன், காய்ச்சல் வந்தால் எங்களுக்கே தனி டம்ளர் உண்டு. மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க அம்மா அதன் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். அன்றைக்கும் பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தேடி எடுத்து, பொட்டு வைத்து, காயவைத்துக் கொடுத்தாள். டம்ளரால் அந்த நோய் ஒட்டாது என்று எங்கள் வீட்டிலேயே தெரிந்த ஒரே ஆள் சுப்ரியாதான். ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அம்மா பட்டினி கிடப்பாளே என்ற பயம். ஒரு டம்ளர்தானே, சண்டை இல்லாமல் போனால் போதும் என்ற எண்ணம்.

பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் காலை ஏழரைக்கு நிற்க இடம் கிடைக்காது. எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற கார்மென்ட்ஸ் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஷில்பா தோழிகளோடு வருவாள். சத்து மாத்திரை, ரத்தம் கம்மி, தெரிந்த டாக்டரம்மா கொடுக்கிறார் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். சுப்ரியாவை டாக்டராக ஆக்கியது அவள்தான். முதல் நாள் கூச்சப்பட்டு, "நீங்க அந்தப் பக்கம் பாருங்கக்கா, நான் போட்டுக்கறேன்" என்றாள். "பார்க்கணும் ஷில்பா, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் இவள். பிறகு பழகிவிட்டது. மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக விழுங்கி, முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, "ஆ" என்று காட்டிவிட்டு ஓடுவாள். நான் ஸ்கூட்டரை அணைக்காமல் ஓரமாக நிற்பேன். எனக்கும் ஒரு சலாம் வைப்பாள்.

ஒரு மாதத்தில் அவள் முகத்தில் சதை பிடித்தது. இருமல் அடங்கிவிட்டது. "அண்ணா, அவ ரெண்டு கிலோ ஏறியிருக்கா" என்று சுப்ரியா என் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னாள். தன் பரீட்சையில் முதல் வகுப்பு வந்தபோதுகூட அவள் அப்படித் துள்ளியதில்லை. இந்தப் பெண் பிழைத்துவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு காலையில் ஷில்பாவோடு ஒரே லைனில் தைக்கும் பெண் ஒருத்தி அவர்கள் பக்கத்திலேயே நின்றாள். சுப்ரியா எப்போதும் போல் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். ஷில்பா விழுங்கினாள். டம்ளரை வாங்கி, மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, பையில் வைத்தாள் சுப்ரியா. அதே பாட்டிலை அண்ணாந்து தானும் ஒரு வாய் குடித்தாள். வெயில், தாகம், அவ்வளவுதான்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "இன்னா ஷில்பா, உனக்கு மட்டும் தனி டம்ளரு? பாட்டில்ல தூக்கிக் குடிக்க உனக்குத் தெரியாதா? நாங்கோ எல்லாம் ஒரே பாட்டில்லதானே குடிக்கிறோம்?"

ஷில்பாவும் சிரித்தாள். "அவங்கோ ஐயமாருங்கடி, அப்படித்தான்" என்றாள். அந்தப் பெண் டம்ளர் போன பையையே பார்த்தாள். கவரில் முடிச்சுப் போட்டதைப் பார்த்தாள். தனி டம்ளர் எதற்கெல்லாம் வைப்பார்கள் என்று தெரியாத வீடு இந்த ஊரில் உண்டா? அவள் இருக்கும் வீட்டில் தெரியாதா? சாதிக்கு வைப்பார்கள், இல்லை நோய்க்கு வைப்பார்கள். இந்த டாக்டரம்மாவோ தொட்டுப் பேசுகிறாள், தோளில் கை போடுகிறாள், டம்ளரை மட்டும் கவரில் கட்டுகிறாள். அப்படியென்றால் சாதி இல்லை. வேறு என்ன?

அன்று மத்தியானம் ஷில்பாவின் சாப்பாட்டு டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்கிற கூட்டம் அது. மறுநாள் பக்கத்து மெஷின்காரி இடம் மாற்றிக் கேட்டாள். அதற்கடுத்த நாள் சூபர்வைசர் கூப்பிட்டு, உடம்பு சரியானதும் வா என்று சொல்லி அவளுடைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி போயிற்று. அங்கேயும் யாரும் சண்டை போடவில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

சுப்ரியாவுக்கு இது எதுவும் தெரியாது. மாத்திரையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அடுத்த முறையும் நின்றாள். மூன்றாவது முறை நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஷில்பாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொம்மனஹள்ளியின் உள்சந்து ஒன்றில் வரிசையாக ஒற்றை அறைகள். முத்தம்மா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கன்னடத்தில் ஆரம்பித்துச் சட்டென்று குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள்.

"வராதீங்கம்மா. உங்க காலுல வேணா விழறேன். நீங்க வந்தாத்தான் எல்லாருக்கும் தெரியுது."

"மாத்திரையை நிறுத்தக்கூடாதுங்க. பாதியில விட்டா திரும்ப வரும், வந்தா மருந்து கேக்காது. நான் உள்ள வந்து குடுத்துட்டுப் போறேன், யாருக்கும் தெரியாம."

"தெரிஞ்சு போச்சேம்மா. ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. என் பொண்ணு இன்னா பண்ணா? நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாளே." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவளைத் திட்டுகிற தொனியே இல்லாமல், "அந்த டம்ளரு வேணாமா இருந்துச்சு" என்றாள்.

சுப்ரியா அங்கேயே நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து வண்டியில் உட்கார வைத்தேன். வழி முழுக்க அழுதாள். வீட்டுக்கு வந்ததும் டம்ளரைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் வீசினாள். அது அடுக்களை வரை உருண்டு போயிற்று.

அம்மாவும் பெண்ணும் ஊத்தங்கரைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எந்த ஊர், என்ன விலாசம் என்று யாரும் சொல்லவில்லை. சுப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். கோவிந்தப்பா டிஃபால்ட்டர் என்று எழுதிப் பெட்டியை மேலே அனுப்பினார். இரண்டாயிரம் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டரும் விழவில்லை. எங்கள் கம்பெனியில் கேக் வெட்டினார்கள்.

அமெரிக்காவில் இருந்து ஒரு பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்டது. ஆகஸ்டில் போக வேண்டும். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எந்த டப்பாவில் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். ஜூனில் சுப்ரியா கடைசியாக ஒரு தடவை சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று பொம்மனஹள்ளி லேபுக்குப் போனாள். பெஞ்சில் ஷில்பா உட்கார்ந்திருந்தாள். இருமல் திரும்பிவிட்டதால் அம்மாவும் பெண்ணும் ஊத்தங்கரையில் இருந்து வந்துவிட்டிருந்தார்கள். கன்னம் இரண்டும் உள்ளே போய், பல் மட்டும் தெரிந்தது. சுப்ரியாவைப் பார்த்ததும், மாத்திரையும் இல்லை தண்ணீரும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி "ஆ" என்று காட்டினாளாம். வேடிக்கைக்குத்தான். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது.

சுப்ரியா ஆகஸ்டில் போகவில்லை. அடுத்த தவணைக்கு வருகிறேன் என்று எழுதினாள். ஷில்பாவுக்கு மறுபடி மாத்திரை, இந்த முறை ஊசியும் சேர்ந்து. போவதற்கு வேலை எதுவும் இல்லாததால் ஒன்பது மணிக்கு நிலையம் திறக்கும்போதே வந்து நிற்பாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. இப்போது எல்லா நேரமும் அவளிடம் இருந்தது. மருந்துதான் வேலை செய்யவில்லை. சளியைப் பெரிய லேபுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்ததில், முக்கியமான மருந்துகள் எதுவும் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று முடிவு வந்தது.

அதற்கும் மருந்து உண்டு, கடையில் கிடைக்கும். அதன் விலைக்கு முத்தம்மா ஆயுசு முழுக்கக் கூட்டிப் பெருக்கினாலும் போதாது. இலவசத் திட்டத்தில் அந்த மருந்து அப்போது கிடையாது. ஏன் கிடையாது என்று சுப்ரியா ஏறாத ஆபீஸ் இல்லை. அப்பாவும் கூடவே போனார். தன் பழைய செல்வாக்கை எல்லாம் திரட்டினார். "என் சர்வீஸ்ல ஒரு ஃபோன்ல முடியாத காரியம் கிடையாதுடா" என்று என்னிடம் சொன்னவர், ஒரு செயலாளர் அறைக்கு வெளியே அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர்கள் அப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்களாம். அன்று அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றொன்றில் கேட்டில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பிய மனிதர்.

கடைசியில் தன்னைக் கூப்பிட்ட அமெரிக்கப் பேராசிரியருக்கே எழுதினாள். அவருடைய ஆராய்ச்சியே இந்த மாதிரிக் கிருமியைப் பற்றித்தான். உடனே பதில் வந்தது. மிகவும் வருந்துகிறேன், மருந்து அனுப்ப எங்களுக்கு வழியில்லை, ஆனால் அந்தக் கிருமியின் மாதிரியைக் கொண்டுவர முடியுமானால் எங்களுக்கு மிக உபயோகமாக இருக்கும். சுப்ரியா அதை எனக்குப் படித்துக் காட்டினாள். "பார்த்தியாண்ணா, ஷில்பாவோட கிருமிக்கு அமெரிக்கா போக வழி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேராசிரியருக்கு அவள் எழுதவில்லை. அமெரிக்கா அதோடு போயிற்று. ஒரு வருஷம் கழித்துத் திருவனந்தபுரத்தில் பொது சுகாதாரம் படிக்கப் போனாள். கிருமி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது ஏன் ஷில்பாவிடம் மட்டும் ஜெயித்தது என்றுதான் தெரியவில்லை என்றாள் அப்பாவிடம். அப்பா மறுக்கவில்லை.

இத்தனை வருஷமாக அவள் அதைத்தான் செய்கிறாள். இரவு வேலைக்காரர்களுக்கும் கார்மென்ட்ஸ் பெண்களுக்கும் தோதான நேரத்தில் ஏன் நிலையங்களைத் திறக்கக் கூடாது என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்கிறாள். சில இடங்களில் சீக்கிரம் திறந்தார்கள். பல இடங்களில் ஊழியர் போதாது என்றார்கள். நான் அவளைப் பாராட்டினால் சண்டைக்கு வருகிறாள்.

ஷில்பாவை நான் கடைசியாகப் பார்த்தது இரண்டாயிரத்தொன்றின் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிடக் கொடுங்கள், மனசைத் தேற்றுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஈஜிபுராவில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்தே வைக்கும்படி சுப்ரியா சொல்லியிருந்தாள், அப்படியே வைத்திருந்தார்கள். கட்டிலில் ஷில்பா இருந்தாள் என்று சொல்வதைவிடப் போர்வை இருந்தது என்று சொல்லலாம். நான் வாசலில் நின்றேன். டீ வேண்டாம் என்று முத்தம்மாவுக்குக் கையால் காட்டினேன்.

முத்தம்மா டீ போட்டாள். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த டம்ளர்கள். அவள் அவற்றைத் தொடவில்லை. பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய புது டம்ளர் ஒன்றை எடுத்தாள். கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

"உங்களுக்குன்னு தனியா வாங்கி வச்சேம்மா. யாரும் வாய் வைக்கல."

சுப்ரியா அதை வாங்கவில்லை. "எனக்கும் அந்த டம்ளர்லயே குடுங்க முத்தம்மா. டம்ளர்ல ஒட்டாது. எனக்கு அப்பவே தெரியும்."

"ஒட்டாதுதாம்மா. இருந்தாலும் வேணாம். உங்க வூட்ல அம்மா இருக்காங்கோ."

கட்டிலில் இருந்து ஷில்பா, மூச்சு வாங்கி வாங்கி, "குடிங்கக்கா" என்றாள். "நான் உங்க டம்ளர்ல குடிச்சேன் இல்ல? இப்ப நீங்க எங்க டம்ளர்ல குடிங்க." கேலிதான். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சுப்ரியா அந்தப் புது டம்ளரிலேயே வாங்கிக் குடித்தாள். சூடு பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னாள், முத்தம்மாவும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் அவளே எழுந்துபோய் மூலையில் இருந்த பக்கெட் தண்ணீரில் டம்ளரைக் கழுவினாள். பலகையில் மற்ற டம்ளர்களைக் கொஞ்சம் நகர்த்தி, நடுவில் இடம் பண்ணி, அதையும் கவிழ்த்து வைத்தாள். போய்வருகிறேன் என்று ஷில்பாவின் கையைப் பிடித்தாள்.

நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். முத்தம்மா பலகையில் இருந்து அந்த டம்ளரை எடுத்து, முந்தானையால் துடைத்து, துணியில் சுற்றி, மறுபடி பெட்டியில் வைத்தாள்.